பத்தாவது ஆட்டம்

போன வாரம் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது இரண்டு காகிதங்கள் கையில் சிக்கின. அன்றிலிருந்து அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டேரியஸ் மைல்ஸ் நினைப்பாகவே இருக்கிறது. அந்தக் காகிதங்களுக்கும் அவருக்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவர் பெயரை எங்கே பார்த்தாலும் என் கை தானாக இடது முட்டிக்குப் போய்விடும். பல வருடமாக எழுத நினைத்தது, இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

2007 முதல் 2010 வரை நான் அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவில் வேலை பார்த்தேன். வேலை முடிந்து நீல வழித்தட ரயிலில் ஏறினால் போர்ட்லாந்தில் ரோஸ் கார்டன் அரங்கத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட், கூரைக்குக் கீழே கடைசி வரிசை. என்.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக்கில் ஆடும் போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் அணியை அங்கிருந்துதான் பார்ப்பேன். பிராண்டன் ராய், லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில் 2007இல் முதல் ஆளாக வந்த கிரெக் ஓடன் என்று எல்லாமே இளவட்டம். 2008-09 பருவத்தில் அந்த அணி 54 ஆட்டங்களில் ஜெயித்தது. ஊருக்கே புது ரத்தம் ஏறியதுபோல் இருந்தது.

அப்படிப்பட்ட சந்தோஷத்துக்கு நடுவே, 2009 ஜனவரியில், அந்த ஊரே ஒரு மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தது. அவர் செய்த குற்றம், முட்டி தேறி மறுபடி ஆட வந்தது.

மைல்ஸை நான் அதற்கு முன்பே அறிவேன். இலினாய் மாநிலத்து ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் பையன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, கல்லூரிப் பக்கமே போகாமல், 2000ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாவது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். பள்ளியிலிருந்து நேராக வந்த ஒருவர் அதுவரை அவ்வளவு மேலே எடுக்கப்பட்டதில்லை. ஆறடி ஒன்பது அங்குலம். ஓடிவந்து எம்பினார் என்றால் கீழே இறங்க மனமில்லாதவர் மாதிரி காற்றிலேயே இருப்பார். 2002இல் ஆண்ட்ரே மில்லருக்குப் பதிலாக கிளீவ்லாந்துக்கு, 2004 தொடக்கத்தில் அங்கிருந்து போர்ட்லாந்துக்கு. அந்தக் கோடையில் போர்ட்லாந்து அவருக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது, 4 கோடியே 80 லட்சம் டாலருக்கு. 2005 ஏப்ரலில் டென்வருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 47 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்தை நான் பிறகு எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

2006 நவம்பரில் வலது முட்டியில் அறுவைச் சிகிச்சை. மைக்ரோஃப்ராக்சர் என்பார்கள். குருத்தெலும்பு தேய்ந்துபோன இடத்தில், எலும்பிலேயே சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். உள்ளிருந்து ரத்தமும் மஜ்ஜையும் கசிந்து உறைந்து, நாளாவட்டத்தில் அங்கே ஒரு புது ஜவ்வு மாதிரி வளரும். வளர்வது பழைய குருத்தெலும்பின் தரத்தில் இருக்காது. எம்பிக் குதிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அது எவ்வளவு தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மைல்ஸ் இரண்டு பருவங்கள் முழுசாக ஆடவில்லை.

2008 ஏப்ரலில் போர்ட்லாந்து அவரை விடுவித்தது. வெறுமனே விடுவிக்கவில்லை. இரு தரப்பையும் சேராத ஒரு மருத்துவர் அவரைப் பரிசோதித்து, இந்தக் காயத்தோடு இவரால் இனித் தொழில்முறையில் ஆட முடியாது என்று சொல்லியிருந்தார். சொன்னதால் என்ன மாறியது என்பதுதான் முக்கியம். மைல்ஸுக்கு ஒப்பந்தப்படி மீதி இரண்டு ஆண்டுக்கும் ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் சேரவேண்டியது சேர்ந்தே தீரும். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தத் தொகை அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கிலிருந்தும் (வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் எல்லை) ஆடம்பர வரிக் கணக்கிலிருந்தும் (அதற்கும் மேலே ஒரு கோட்டைத் தாண்டினால் அணி கட்டும் வரி) நீக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் உச்சவரம்பு சுமார் 5 கோடியே 87 லட்சம் டாலர். வரிக்கோடு 7 கோடியே 11 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் இன்னொரு டாலர் வரி. இந்தக் கணக்கில் 90 லட்சம் காணாமல் போவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த நிம்மதியோடு ஒரு நிபந்தனையும் ஒட்டியிருந்தது. விடுவிக்கப்பட்டவர் பிறகு ஒரே பருவத்தில் பத்து ஆட்டம் ஆடிவிட்டால், மருத்துவர் சொன்னது தவறு என்று ஆகிவிடும். பணம் பழைய அணியின் கணக்கிலேயே திரும்ப ஏறிவிடும்.

2008 ஆகஸ்டில் பாஸ்டன் செல்டிக்ஸ் மைல்ஸைச் சேர்த்தது. பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் ஆறு ஆடினார். பிறகு விட்டுவிட்டார்கள். டிசம்பரில் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் எடுத்தது. இரண்டு ஆட்டம். ஜனவரி 10ஆம் தேதிக்கு மேல் அணியில் வைத்திருந்தால் அந்தப் பருவத்துச் சம்பளம் முழுவதும் உறுதியாகிவிடும் என்பதால் அவர்களும் விடுவித்தார்கள். பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களும் கணக்கில் சேரும் என்று லீக் சொல்லிவிட்டது. ஆறும் இரண்டும் எட்டு. இன்னும் இரண்டே இரண்டு.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் போனது. பிளேசர்ஸ் தலைவர் லாரி மில்லர் மற்ற 29 அணிகளுக்கும் அனுப்பியது. அதன் சாரம் இது: எங்கள் உச்சவரம்பையும் வரியையும் கெடுக்கும் நோக்கத்தோடு சிலர் மைல்ஸைச் சேர்க்க நினைப்பதாக அறிகிறோம், அப்படிச் செய்வது லீக் என்ற கூட்டுத் தொழிலில் பங்காளிகள் ஒருவருக்கொருவர் காட்டவேண்டிய நம்பிக்கைக் கடமையை மீறுவது, எங்கள் ஒப்பந்த உரிமையில் குறுக்கிடுவது, செய்தால் வழக்கு உட்பட எல்லா வழிகளிலும் நடவடிக்கை எடுப்போம்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்து மேசைக்காரர் அதை வாய்விட்டு வாசித்தார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வரியாக வசூலாகும் பணம் வரி கட்டாத அணிகளுக்குப் பிரித்துத் தரப்படும். அதாவது, போர்ட்லாந்து கூடுதலாகக் கட்டும் வரியில் மெம்பிஸுக்கும் பங்கு கிடைக்க வாய்ப்புண்டு. அடுத்த கோடையில் புது வீரர்களை வாங்கப் போட்டியிடும் ஓர் அணியின் கையையும் கட்டிப்போட்ட மாதிரி ஆகும். ஒரு பத்து நாள் ஒப்பந்தத்தின் சில்லறைச் செலவில் எதிராளிக்கு இவ்வளவு இடைஞ்சல் செய்ய முடியும் என்றால், சந்தேகப்படுவது மனித இயல்புதான்.

ஆனால் அந்த மின்னஞ்சலின் சட்ட வாதத்தை நான் அன்று இரவு பத்து தடவையாவது படித்தேன். எனக்கு அது நிற்கவில்லை. குறுக்கீடு என்கிறார்கள். எந்த ஒப்பந்தத்தில் குறுக்கீடு? போர்ட்லாந்துக்கும் மைல்ஸுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை யாரும் முறிக்கச் சொல்லவில்லை. அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் கொடுக்கவேண்டியது அதே 90 லட்சம். அவரை விடுவித்ததும் அவர்களே. விடுவித்த பிறகு வேறெங்கும் ஆடக்கூடாது என்று எந்த வரியும் இல்லை. அவர்கள் இழக்கப்போனது ஒரு சலுகையை. அந்தச் சலுகையோ ‘அவர் ஆடாத வரைக்கும்’ என்ற நிபந்தனையோடுதான் கையில் வந்தது. அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் கையெழுத்துப் போட்ட விதி அது. நிபந்தனையைத் தெரிந்தே வாங்கிக்கொண்டு, அது நிறைவேறும்போது யார்மேல் வழக்குப் போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. ஓர் அணி ஒரு வீரரைச் சேர்த்தது அவர் ஆட்டத்துக்காகவா, அடுத்தவரைக் கெடுக்கவா என்று எப்படி நிரூபிப்பார்கள்? மனசுக்குள் இருப்பதை யார் அளப்பது? அந்த மிரட்டல் கடைசியில் போய் விழுவது மெம்பிஸ் தலையில் அல்ல. 27 வயதில், இரண்டு வருடம் தரையில் கிடந்து எழுந்த ஒரு மனிதர் தலையில். அவரைத் தொட்டால் நீதிமன்றம் என்று 29 கதவுகளிலும் எழுதி ஒட்டினால், எந்தக் கதவு திறக்கும்? அணிகள் கூடிப் பேசி ஒரு வீரரை ஒதுக்குவதை லீக்கின் கூட்டு ஒப்பந்தமே தடை செய்கிறது. வீரர்கள் சங்கத்தின் பில்லி ஹன்டர் அந்த அடிப்படையில்தான் கடுமையாக எதிர்த்தார். எனக்கு அவர் பேச்சுதான் சரியாகப் பட்டது.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

1995இல் எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பெரிய நிறுவனத்தின் கூடைப்பந்து அணியில் மாத உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆடினேன். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை நிரந்தரமாகும் என்பது வீட்டில் எல்லாருடைய கனவு. ஒரு கோடை டோர்னமென்டில் ரீபவுண்டுக்கு எம்பி, இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின்மேல் இறங்கினேன். முட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். மைதானத்துச் சத்தத்துக்கு நடுவிலும் அது எனக்குத் தனியாகக் கேட்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து நாலு மாதத்தில் நிறுவனத்தின் டாக்டர் என்னைப் பார்த்தார், மொத்தம் ஐந்து நிமிஷம். ‘விளையாடுவதற்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர்’ என்று எழுதினார். உதவித்தொகை நின்றது.

எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் விடவில்லை. தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார். மண்ணில் நடை, படிக்கட்டு, காலில் மணல் மூட்டை கட்டித் தூக்குவது. ஒரு வருடம் ஆனது. நான் மறுபடி எம்பினேன். முன்புபோல இல்லை, ஆனால் எம்பினேன். வேறோர் அணி கூப்பிட்டது. சேரவேண்டுமானால் பழைய நிறுவனத்திலிருந்து ரிலீஸ் லெட்டர் வேண்டும். போய் நின்றேன்.

விளையாட்டுப் பிரிவு அதிகாரி தலை நிமிராமல், “ஆடவே முடியாத பையனுக்கு ரிலீஸ் எதுக்குப்பா?” என்றார்.

“இப்ப ஆடுறேன் சார்.”

“அப்ப எங்க டாக்டர் பொய் எழுதினாருங்கிறியா?”

பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். மாஸ்டரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, நீ தேறினது அவங்களுக்கு ஒரு கேள்வியா வந்து நிக்குது. அதான் கசக்குது,” என்றார். ரிலீஸ் வர பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் அந்த அணியில் என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டான்.

அதனால்தான் அந்த ஜனவரியில் மைல்ஸ் ஆடவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது. மெம்பிஸ் பின்வாங்கவில்லை. பத்து நாள் ஒப்பந்தத்தில் அவரைத் திரும்ப எடுத்தார்கள். மாத நடுவிலேயே பத்தாவது ஆட்டம் முடிந்துவிட்டது. போர்ட்லாந்தின் கணக்கில் பணம் ஏறியது. வழக்கு எதையும் அவர்கள் போடவில்லை. கெடுப்பதற்காக மட்டும் எடுத்திருந்தால் பதினோராவது ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். மெம்பிஸ் அவரைப் பருவம் முடியும்வரை வைத்துக்கொண்டது. மொத்தம் 34 ஆட்டம் ஆடினார். அந்த முட்டியோடு.

அந்தக் கோடையில் போர்ட்லாந்து முடங்கிப் போய்விடவும் இல்லை. ஆண்ட்ரே மில்லரை வாங்கினார்கள், 2002இல் மைல்ஸுக்கு மாற்றாகப் போன அதே மில்லர்.

விதியை வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்பதற்குப் பின்னால் நடந்ததே சாட்சி. பிராண்டன் ராயின் இரண்டு முட்டிகளும் போய், 2011 டிசம்பரில் ஓய்வு அறிவித்தார். போர்ட்லாந்து அவருடைய சம்பளத்தை, அப்போது புதிதாக வந்திருந்த பொதுமன்னிப்புப் பிரிவு வழியாகக் கணக்கிலிருந்து எடுத்தது. அவர் திரும்ப ஆடினாலும் அது மறுபடி ஏறாது. 2012இல் ராய் மினசோட்டாவுக்கு ஆடப் போனார். ஐந்தே ஆட்டம்தான் முடிந்தது அவரால். ஆனால் யாரும் யாருக்கும் மிரட்டல் அனுப்பவில்லை. அவர் தேறவேண்டும் என்று போர்ட்லாந்து ரசிகர்களும் மனசார வேண்டிக்கொள்ள முடிந்தது. 2017இல் ரத்தக்கட்டுப் பிரச்சினையால் ஆட முடியாமல் போன கிறிஸ் பாஷ் விஷயத்திலும் மயாமி அணியோடு அப்படித்தான் ஏற்பாடானது: பிறகு அவர் எங்கே ஆடினாலும் மயாமி கணக்குக்குச் சுமை திரும்பாது. ஒருவன் குணமாவதை இன்னொருவனுக்கு நஷ்டமாக்காத விதி அது. 2009இல் அது இல்லை. அந்தப் பழியை ஒரு வீரர் சுமந்தார்.

அந்தப் பருவத்துக்குப் பிறகு மைல்ஸ் என்.பி.ஏ.வில் ஆடவில்லை. 2016இல் திவால் மனு கொடுத்தார் என்று படித்தபோது அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

கோப்பில் கிடைத்த காகிதங்களில் ஒன்று அந்த டாக்டர் எழுதிய சீட்டு. இன்னொன்று ரிலீஸ் லெட்டர். இரண்டிலும் ஒரே வட்ட முத்திரை. மாஸ்டர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் மகளிடம் காட்டலாம் என்று இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த விடியற்காலைகளில் மைதானத்து ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண் அவள்.