ஆறுக்கு எட்டு அங்குலத்தில் ஒரு கொத்துத் திராட்சை

எங்கள் வீட்டில் வடக்கே பார்த்த சன்னல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. சென்னை ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர்கள் வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய சந்தில், முதல் மாடியில் இருக்கிறது அந்தச் சன்னல். அதன் கீழே அம்மாவின் பழைய தையல் மெஷின் மேசையைப் போட்டுக்கொண்டு, 2018ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வருகிறேன். மற்ற நாட்களில் பாரிமுனையில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. படங்களைப் பார்க்க வருகிறவர்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே, ஏன் எல்லாம் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று கேட்டுவிடுகிறார்கள். என் பலகைகள் பெரும்பாலும் ஆறுக்கு எட்டு அங்குலம். மிஞ்சிப் போனால் எட்டுக்குப் பத்து. வீட்டில் இடம் இல்லை என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். அது பொய்யில்லை என்றாலும் உண்மையான காரணம் அதுவன்று. வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது, பழம் எத்தனை நாள் தாங்குகிறது என்ற இரண்டும்தான் என் பலகையின் அளவைத் தீர்மானிக்கின்றன.

முதலில் வெளிச்சம். ஓவியம் கற்றுத்தரும் புத்தகம் எதை எடுத்தாலும், வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் வரைய வேண்டும், அதில் நேர்வெயில் விழாது, நிழல்கள் நாள் முழுவதும் இடம் மாறாது என்று எழுதியிருக்கும். அவை ஐரோப்பாவில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. நாம் இருப்பதோ 13 பாகை வடக்கில். இங்கே ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு நாளும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களும் அது நம் தலைக்கு வடபுறமாகவே கடந்து செல்கிறது. ஆகவே மே, ஜூன் மாதங்களில் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் என் வடக்குச் சன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே வந்து, மேசையில் வைத்த பழத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போகும். மாம்பழம் வரும் காலமும் அதுவேதான் என்பதை என்னவென்று சொல்வது!

வெயில் தெற்கே போய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று முதல் ஆண்டு நம்பியிருந்தேன். மார்கழியில் வேறொரு கூத்து. எதிர்வீட்டுக்காரர் தம் வீட்டின் வெளிச்சுவருக்கு ரோஸ் நிற பெயின்ட் அடித்திருக்கிறார். அந்தச் சுவர் தெற்கே பார்த்தது. குளிர்கால வெயில் முழுவதும் அதன் மேல் பட்டுத் தெறித்து, பத்தடிச் சந்தைத் தாண்டி என் அறைக்குள் வருகிறது. எலுமிச்சம்பழத்தின் சன்னல் பக்க விளிம்பில் ஒரு மெல்லிய ரோஸ் நிறம் ஏறியிருப்பதைக் கண்டு, கண்ணில்தான் கோளாறோ என்று கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பிறகுதான் விளங்கிற்று. அந்த ரோஸை அப்படியே வரைந்தும் இருக்கிறேன். என் படங்களில் எனக்குப் பிடித்த எலுமிச்சை அதுதான். ஒரு பக்கம் மட்டும் வெட்டித் திறந்து, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிய ஆப்பிள் அட்டைப் பெட்டிக்குள் இப்போது பழத்தை வைக்கிறேன். இருந்தும் ஒரே மாதிரியான வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நிரப்பி முடிக்கக்கூடிய பலகைதான் ஆறுக்கு எட்டு. 1880இல் பிரெஞ்சு ஓவியர் மனே ஒரு தட்டில் ஒரே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து வரைந்த படத்தின் அளவு 14க்கு 22 சென்டிமீட்டர் என்று படித்தபோது, என் பலகையை அதன் மேல் மனத்தால் பொருத்திப் பார்த்து அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று.

அடுத்து பழம். சாத்துக்குடியும் மாதுளையும் பொறுமைசாலிகள். ஒரு வாரம் வரை வைத்து வரையலாம். கொய்யா மூன்றாம் நாள் வீடு முழுவதும் மணக்கத் தொடங்கி எறும்புகளை வரவழைத்துவிடும். சீத்தாப்பழத்தை வரைய நினைப்பவர் காயாக வாங்கினால் பச்சைக் கல்லைத்தான் வரைய முடியும், பழமாக வாங்கினால் மறுநாளே கண்களுக்கிடையே வெடித்துக் கறுத்துவிடும். இடையில் கிடைக்கும் அரை நாள்தான் அதன் அழகு. செவ்வாழைத் தோலில் கரும்புள்ளிகள் விழுவதையும் எண்ணி எண்ணி வரையலாம், ஆனால் அதை மாங்காய்க்கு அருகில் வைத்துவிடக் கூடாது. வாழைப்பழம் வெளிவிடும் எத்திலீன் வாயுவில் பக்கத்துக் காயும் வேகமாகப் பழுத்து, காலையில் போட்ட நிறம் மறுநாள் பொய்யாகிவிடும். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை நான் தொடுவதே இல்லை. கால்சியம் கார்பைடு தடை செய்யப்பட்டது என்பது ஒரு புறம் இருக்க, அப்படிப் பழுத்த பழம் முழுவதும் ஒரே மஞ்சளாக, பிளாஸ்டிக்கில் வார்த்தது போல இருக்கும். மரத்தில் முற்றிப் பழுத்த பங்கனபள்ளியில் காம்பைச் சுற்றி ஒரு பச்சை, தோளில் ஒரு பொன்மை, அடியில் ஒரு வெளிறல் என்று கண்ணுக்கு வேலை இருக்கும்.

மாம்பழத்தில்தான் நான் முதல் அடியும் வாங்கினேன். மஞ்சளுக்கு நிழல் வேண்டும் என்று கேட்மியம் மஞ்சளில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து அடித்திருந்தேன். என் மாமா, ஃப்ளெக்ஸ் பேனர் வரும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் கடைகளுக்குப் போர்டு எழுதியவர், அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது, மாம்பயம் பாசி புடிச்ச மாரி கீது?"

"நெழல் மாமா."

"கறுப்புக்குள்ள நீலம் ஒளிஞ்சிகினு கீதுடா. மஞ்சள்ல போட்டா பச்சதான் வரும். காவிய எடு."

அவர் சொன்னது முழுக்கச் சரி. கரியிலிருந்து செய்யும் கறுப்பை வெள்ளையோடு கலந்து பாருங்கள், நீலச் சாயல் தெரியும். மஞ்சளோடு சேரும்போது அது பச்சையாக வெளிப்பட்டுவிடுகிறது. அன்றிலிருந்து மாம்பழத்தின் வெளிச்சம் படாத பக்கத்துக்குக் காவியும், அதற்கும் அடியில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் ஒரு துளி அல்ட்ராமரைன் நீலமும்தான். கறுப்பு ட்யூப் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.

பலகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளைவுட் கடையில் ஹார்ட்போர்டு தாள் வாங்கி அங்கேயே துண்டு போட்டுக்கொள்கிறேன். வழவழப்பான பக்கத்தில் அக்ரிலிக் ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் உப்புத்தாள் தேய்ப்பு. ஆரம்பத்தில் காசை மிச்சம் பிடிக்கச் சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரைப் பூசி அதன் மேல் வரைந்தேன். அது எண்ணெயை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, ஈரத்தில் மின்னிய மாதுளையைக் காய்ந்ததும் செங்கல் பொடியாக்கிவிட்டது. அதைவிட மோசமானது 2020 ஊரடங்கில் நடந்தது. ஆளி விதை எண்ணெய் தீர்ந்துவிட்டது, கடைகள் திறக்கவில்லை, எண்ணெய் எதுவானாலும் எண்ணெய்தானே என்று தேங்காய் எண்ணெயைக் கலந்து ஒரு கொய்யாவை வரைந்தேன். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறுகிப் படலமாகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. அந்தக் கொய்யா இன்றும் தொட்டால் ஒட்டுகிறது; மழைக்கால ஈசல் இறகுகள் நான்கு அதில் நிரந்தரமாகக் குடியேறியிருக்கின்றன.

இந்த ஆண்டு முழுவதும் என்னை ஆட்டிப்படைத்தது பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் அந்தக் கறுப்புத் திராட்சையின் மேல் மாவு தூவியது போல ஒரு வெண்மை படர்ந்திருக்குமே, அதுதான் நான் வரைய விரும்பியது. மருந்து என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அது பழம் தானே சுரந்துகொள்ளும் மெழுகு. விரல் பட்ட இடத்தில் அழிந்து, அடியிலுள்ள கருமை பளபளவென்று தெரியத் தொடங்கிவிடும். கல்மண்டபத்தில் வண்டி போடும் ஆயாவுக்குப் பழத்தை ஈரத்துணியால் துடைத்து அடுக்குவதுதான் தொழில் சுத்தம். அவர் துடைப்பதற்கு முன் போய்விட வேண்டும் என்று ஞாயிறு காலை ஆறரைக்கே போய் நின்றேன்.

"ஆயா, தொடைக்காதீங்க, அப்பிடியே குடுங்க."

"மருந்து அட்ச்சது கண்ணு, தொடைக்காம எப்டி துன்னுவே?"

"துன்றதுக்கு இல்ல ஆயா, படம் வரையறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படத்துக்கா? அப்போ கீய உதுந்தத எட்த்துனு போ, துட்டு வாணாம்."

இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1599ஐ ஒட்டி வரைந்து, இன்று மிலான் நகரில் இருக்கும் பழக்கூடையில், ஆப்பிளில் புழுத் துளையும் இலைகளில் ஓட்டைகளும் வாடலும் அப்படியே இருக்கும். ஆயா சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று தோன்றியதால், உதிர்ந்தவற்றையும் ஒரு கை அள்ளிக்கொண்டு, காம்பைப் பிடித்தே ஒரு கொத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வெண்மையை வரைய நான் முதலில் செய்தது, செய்யக் கூடாதது. பழத்தின் கருநீலத்தில் வெள்ளையைக் கலந்து சாம்பல் நீலம் ஒன்றைத் தயாரித்துப் பூசினேன், திராட்சைகள் கோலிக்குண்டுகளாகிவிட்டன. இரண்டு பலகைகள் போன பிறகு முறையை மாற்றினேன். முதல் ஞாயிறன்று, துடைத்த திராட்சையைப் போல, அலிசரின் சிவப்பும் அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்த ஆழ்ந்த கருமையில் ஒவ்வொரு பழத்தையும் உருட்டி முடித்தேன். அலிசரின் காய்வதற்குச் சோம்பேறி. அம்பரில் இருக்கும் மாங்கனீசு காய்வதை விரைவுபடுத்தும் என்பதால் அதைத் தாராளமாகவே சேர்த்தேன். இரண்டு வாரம் கழித்து, விரலில் ஒட்டாத அளவுக்கு அது இறுகிய பின், டைட்டானியம் வெள்ளையில் ரா அம்பர் என்ற மங்கிய பழுப்பைத் துளி கலந்து ஒரு மங்கிய சாம்பலைத் தயாரித்து, தேய்ந்துபோன பன்றி மயிர் பிரஷில் தொட்டு, அதில் பெரும்பகுதியைத் துணியில் துடைத்தெறிந்துவிட்டு, மிச்சத்தைப் பழத்தின் தோளில் வட்டமாகத் தேய்த்தேன்.

நீலமாகத் தெரிந்தது. பிரஷில் இருந்த வண்ணத்தில் நீலம் துளியும் இல்லை. பேலட்டில் அதே வண்ணம் அழுக்குச் சாம்பலாகக் கிடக்கிறது, கருமையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்ததும் குளிர்ந்த நீலமாகிறது. ஊதுபத்திப் புகை இருட்டான மூலைக்கு முன்னால் எழும்போது நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்; நுண்ணிய வெண்துகள்கள் வெளிச்சத்திலுள்ள நீலத்தை அதிகமாகச் சிதறடித்து நம் பக்கம் அனுப்புகின்றன, பின்னணி இருண்டிருந்தால் அது எடுபடுகிறது. உண்மையான திராட்சையிலும் மெழுகு நிறமற்றதே. நீலத்தை உண்டாக்குவது அடியிலுள்ள கருமை. பழம் தன்னை வரைந்துகொண்ட அதே வரிசையில் நானும் வரைய வேண்டியிருந்திருக்கிறது. ஒரு பழத்தில் மட்டும், காம்புக்குக் கொஞ்சம் கீழே, சாம்பலைத் துணியால் ஒற்றி எடுத்து ஒரு கட்டைவிரல் அடையாளம் விட்டேன்.

துணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆளி விதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்து வைக்கக் கூடாது. எண்ணெய் இறுகும்போது வெளிப்படும் வெப்பம் குவியலுக்குள் சிக்கிக்கொண்டு தானாகவே தீப்பிடித்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் தெருவில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் தண்ணீர் ஊற்றிய பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு மூடிவைக்கிறேன். டர்பன்டைன் வாடை அம்மாவுக்கு ஆகாது என்பதால், இடையிடையே பிரஷைக் கடலை எண்ணெயில் துடைத்துவிட்டுக் கடைசியில் துணி சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கடலை எண்ணெயும் காயாத இனம்தான் என்பதால் சோப்பில் கஞ்சத்தனம் கூடாது.

திராட்சைப் படம் இப்போது பீரோவின் மேல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. குறைந்தது ஆறு மாதமாவது காயவிட்டுத்தான் வார்னிஷ் அடிக்க முடியும். கல்மண்டபத்து ஆயாவிடம் கைப்பேசியில் அதைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, இது அன்றைக்கு வாங்கிக்கொண்டு போன கொத்தா என்று கேட்டார். பழம் அந்த வாரத்தது, அதன் மேல் இருக்கும் மாவு இரண்டு வாரம் கழித்து வாங்கிய கொத்தைப் பார்த்து வரைந்தது என்றேன். "அதான பாத்தேன்," என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்து அடுத்த கொத்தைத் துடைக்கத் தொடங்கினார்.