ஆர்க்கிடெக்ட் ஆகும் ஐந்தாண்டுப் படிப்பு

பிள்ளைக்கு நன்றாக வரைய வரும், கட்டடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க்.-இல் சேர்க்கலாமா என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அதில் சேர எழுதும் நாட்டா (NATA) நுழைவுத் தேர்வில் வரைதலுக்கு இடம் உண்டு என்பதால் அந்தத் திறமை பயன்படவே செய்யும். ஆனால், ஐந்து ஆண்டுகள், பத்துப் பருவங்கள் கொண்ட இப்படிப்பில் மாணவரை உண்மையில் உருவாக்குவது அளவெடுக்கும் பழக்கம் என்பதே என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலிருந்து மாணவர்கள் பழைய கட்டடங்களை அளந்து வரையச் செட்டிநாட்டுக்குச் செல்வதுண்டு. வீட்டின் முகப்பில் தொடங்கி, வளவு எனப்படும் முற்றம் சார்ந்த பகுதி, அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டு என்று டேப்பைப் பிடித்தபடி நகரும்போது, சதுரமாகத் தெரிந்த அறையின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இல்லை என்பதும், நேராக அளக்க முடியாத சுவரின் கனத்தைக் கதவுத் திறப்பில் அளந்துகொள்ளலாம் என்பதும், கூரைச் சரிவுகள் ஏன் முற்றத்தை நோக்கி இறங்குகின்றன என்பதும் தாமாகவே விளங்கும். எந்த வகுப்பறையும் இதற்கு ஈடாகாது.

வடிவமைப்புப் பயிற்சி வகுப்பான டிசைன் ஸ்டூடியோவிலும் அதே பழக்கம்தான் கைகொடுக்கிறது. 3 மீட்டர் உயரத் தளத்துக்குப் படி ஒன்றுக்கு 150 மி.மீ. வீதம் ஏறினால் 20 ஏற்றங்கள் வேண்டும். அதற்கான நீளத்தை முதலிலேயே ஒதுக்காதவர், வடிவமைப்பை மதிப்பிடும் ஜூரி அமர்வுக்கு முந்தைய இரவில் திட்டப்படம் முழுவதையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

பட்டம் பெற்றவுடன் ஒருவர் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்த பிறகே அப்பெயரைப் பயன்படுத்தலாம். அச்சட்டத்தின் 37-ஆம் பிரிவு அந்தப் பெயரைத்தான் காக்கிறது, கட்டடம் வடிவமைக்கும் பணியைப் பிறருக்குத் தடை செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. ஆகவே நம் வேலையின் தரத்தை நாமே காட்டியாக வேண்டும் என்பதை மாணவர்கள் முதலாண்டிலேயே அறிந்திருப்பது நல்லது.

இதனால்தான் பயிற்சிப் பருவத்துக்கு அலுவலகம் தேடுவோரிடம், பெயர் பெற்ற இடமா என்று பார்ப்பதைவிட, கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் தளத்துக்கு வாரந்தோறும் அழைத்துச் செல்வார்களா என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பிக்கட்டைச் சரிபார்க்கும் மூத்தவருக்கு அருகில், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும்.