அறிஞரின் மேசையில் ஜேட்

சீன அறிஞரின் எழுதுமேசைக்குத் தூரிகை, மை, தாள், மையுரைக்கும் கல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. ஆனால் அவற்றுக்குத் துணையாக வந்த, ஜேட் என்னும் அணிக்கல்லால் ஆன பொருள்களே என்னை அதிகம் ஈர்க்கின்றன. மலைச்சிகரங்கள் போன்ற தூரிகைத் தாங்கி, தாமரை இலை வடிவில் தூரிகை கழுவும் கிண்ணம், மைக்கல்லில் சில துளி நீர் விடுவதற்கென்றே செய்யப்பட்ட, விலங்கு உருவில் அமைந்த சிறு கலம் என அவை பலவகை.

நெப்ரைட் வகை ஜேட் உளிக்கு எளிதில் இணங்காது. காலால் மிதித்துச் சுழற்றும் இரும்புத் தகட்டில், அக்கல்லைவிடக் கடினமான மணலையும் நீரையும் இட்டு, சிறிது சிறிதாகத் தேய்த்தே கைவினைஞர்கள் உருவத்தை வெளிக்கொணர்ந்தனர். ஆற்றுக் கூழாங்கல்லின் பழுப்புத் தோலைக் குறையெனக் கருதி நீக்காமல், அதையே பாறையாகவோ இலையுதிர்கால மரமாகவோ மாற்றிக்கொண்ட சாதுரியம் எனக்கு மிகவும் பிடித்தது.

1759-இல் சிங்கியாங் பகுதி சீனாவை ஆண்ட சிங் பேரரசின் வசமான பின்னர், அங்குள்ள கோத்தான், யார்க்கண்டு பகுதிகளின் ஜேட் பெருமளவில் பெய்ஜிங் வந்தது. அப்போது ஆண்ட சியன்லோங் பேரரசர் தம் கவிதைகளை ஜேட்டிலேயே பொறிக்கச் செய்தார் (அவர் எழுதிக் குவித்ததைப் பார்த்தால், பொறித்தவர்கள் பாவம்!). அமெரிக்காவின் மினியாப்போலிஸ் கலைக்கூடத்தில் உள்ள, சுமார் 290 கிலோ எடையுள்ள, மலை வடிவ ஜேட் சிற்பம், 353-ஆம் ஆண்டில் எழுத்துக்கலை மேதை வாங் சீஜி ஓடையோரம் நண்பர்களைக் கூட்டி மதுவருந்திக் கவிதை புனைந்த காட்சியைக் காட்டுகிறது. அதன் பிரம்மாண்டத்தை மதிக்கிறேன். ஆயினும் உள்ளங்கையில் அடங்கும் நீர்க்கலத்தையே நான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் அது எழுதுகிறவரின் கை நாள்தோறும் தொட்டுப் பழகுவதற்காகச் செய்யப்பட்டது.