ஆ மாவின் துக்க வீட்டில் எனக்குக் கிடைத்த சிவப்பு நூல்

என் பாட்டி ஆ மா இறந்த அன்று வேலையிலிருந்து நேராக அவர் வீடு இருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். கூடாரம், வட்ட மேசைகள் எல்லாம் போட்டாகிவிட்டது. தம்பியும் அப்போதுதான் வந்தான், அவனும் அலுவலக உடையில்தான் இருந்தான். வாசல் மேசையில் உதவிக்கு உட்கார்ந்திருந்த தூரத்து உறவுக்காரர் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் கையில் குடும்பத்தார் போடும் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார், என் கையில் சிவப்பு நூலையும் ஒரு மிட்டாயையும் வைத்தார். சிங்கப்பூரில் சீனர்களின் துக்க வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சிவப்பு நூல் வெளியாட்களுக்குக் கொடுப்பது.

என்னை வளர்த்தவரே ஆ மாதான், அம்மாவைப் பெற்றவர். ஆறு வயது வரை அவர் வீட்டில்தான் இருந்தேன். அவர் பேசிய ஹொக்கியன் என்ற சீன மொழிதான் என் வாயில் வந்த முதல் மொழி. தம்பி பிறந்தபோது அப்பாயி எங்களோடு வந்து தங்கிவிட்டதால் அவன் தமிழில் வளர்ந்தான். அப்பா தமிழர், அம்மா சீனர். நான் அப்பாவை உரித்து வைத்திருக்கிறேன், நிறம், கண், சுருட்டை முடி எல்லாம். அவன் அப்படியே அம்மா. ஆக, ஹொக்கியன் பேசுகிற என்னைப் பார்த்து ஊர் தமிழில் பேசுகிறது, தமிழ் பேசுகிற அவனைப் பார்த்து மாண்டரினில் பேசுகிறது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் அவன் "அண்ணே, முருங்கைக்காய் என்ன விலை?" என்று கேட்டால் கடைக்காரர் பதிலை என்னிடம்தான் சொல்வார்.

ஆனால் எங்கள் அடையாள அட்டை இரண்டிலும் 'இனம்: இந்தியர்' என்றுதான் இருக்கிறது. எங்கள் காலத்தில் பிள்ளைக்கு அப்பாவின் இனத்தைப் போடுவதுதான் வழக்கம். அந்த ஒரு வார்த்தை சும்மா இருக்கிற வார்த்தை இல்லை. பள்ளியில் எந்தத் தாய்மொழி படிப்பாய், சம்பளத்திலிருந்து எந்தச் சமூகத்தின் உதவி நிதிக்குப் பணம் போகும், ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று 1989இல் வந்த இன விகிதாசார விதிப்படி எந்த வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் நீ வீடு வாங்கலாம் என்பதெல்லாம் அதில் தொங்குகிறது. தம்பியின் முதல் வேலையில் கணக்குப் பிரிவில் அவன் முகத்தைப் பார்த்து சீனர் நிதிக்குப் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டி, இந்தியர்களுக்கான சிண்டா நிதிக்கு மாற்றச் சொன்னான். "நிஜமாகவா?" என்று மூன்று பேர் கேட்டார்களாம்.

அவனுக்குக் கிடைப்பது வியப்பு. எனக்குக் கிடைப்பது வேறு. ஒருமுறை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு வீடு தேடினோம். அவன் தனியாகப் போய்ப் பார்த்து, முகவரோடு பேசி, எல்லாம் சரி என்றான். மறுநாள் நான் கூடப் போனேன். "நிறைய சமைப்பீர்களா?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்கள். அன்று சாயங்காலம், வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டார் என்று செய்தி வந்தது. தம்பி அன்று இரவு என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவன் என்ன தப்பு செய்தான்? அவன் கேட்டு வாங்காத சலுகை அது, ஆனால் அது அவன் கூடவே நடக்கிறது என்பதை அவன் மறுத்ததும் இல்லை. அதற்காகவே அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2017இல் மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய அதிபர் தேர்தலில் ஹலிமா யாக்கோப் நின்றபோது, அவருடைய அப்பா இந்திய முஸ்லிம் ஆயிற்றே, அவரை எப்படி மலாய்க்காரர் என்பது என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று அதற்கான குழு சான்றிதழ் கொடுத்தது. எங்கள் வீட்டில் நாங்கள் வேறு ஒன்றைத்தான் பேசினோம்: வளர்ந்த வீட்டையும் பேசுகிற மொழியையும் கணக்கில் எடுத்தால் எனக்கும் தம்பிக்கும் எந்தச் சான்றிதழ் கொடுப்பார்கள்?

துக்க வீட்டுக்கே வருகிறேன். தம்பி என் கையிலிருந்த நூலை எடுத்து மேசையிலேயே வைத்துவிட்டு, "இவர் என் அக்கா, ஆ மாவின் மூத்த பேத்தி" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை மாமா என்று நான் ஹொக்கியனில் சொன்னதும் இன்னும் பதறினார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த நூலின் நிறம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

தம்பியின் மனைவி சீனர். அவர்களுக்கு இரண்டு பெண்கள். 2011 முதல் கலப்பினப் பிள்ளைகளுக்கு இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதியலாம், ஆனால் வீட்டு விகிதாசாரத்துக்கு முதலில் வருவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் எதை முன்னால் போடுவது என்பது வெறும் வரிசை இல்லை. தம்பி இருவருக்கும் 'இந்தியர்-சீனர்' என்றே போட்டான். மூத்தவள் அவள் அம்மா மாதிரி. சின்னவள் பிறந்து மருத்துவமனையில் துணியை விலக்கிப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது, என் குழந்தைக்காலப் படம் அங்கே படுத்திருந்தது.

போன மாதம் தம்பி கேட்டான், "அக்கா, சின்னவளுக்குக் கொஞ்சம் ஹொக்கியன் சொல்லிக் கொடேன், எங்க ரெண்டு பேருக்குமே வராது." ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். முதல் பாடம், ஆ மா என்னை வாசலில் பார்த்ததும் கேட்பதுதான்: ஜியா பா புவே, சாப்பிட்டாயா? அதை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். என் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "சாப்பிட்டேன்டா கண்ணு" என்றார்.