பேணியும் முகவர்களும்

2025 ஜனவரி 10

என் சிறுவர் படப்புத்தகக் கதைக்கு நேற்றிரவு ஒன்பதரை மணிக்கு, இலக்கிய முகவர் ஒருவரிடமிருந்து மூன்றாவது மறுப்பு வந்தது. லண்டனில் அப்போது பின்னேரம் நான்கு மணி. அங்கே யாரோ வீட்டுக்குப் புறப்படுமுன் மேசையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே இலங்கையில், முத்தையன்கட்டு வாய்க்கால் கட்டில், தொலைபேசிக்குச் சிக்னல் எட்டும் அந்த ஒரே இடத்தில் நின்று நான் அதைத் திறந்தேன். ‘அன்புள்ள எழுத்தாளரே’ என்று தொடங்கும் நான்கு வரிகளில் என் பெயரும் இல்லை, கதையின் பெயரும் இல்லை. எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை, இன்னொருவருக்குப் பிடிக்கக்கூடும் என்பதே சாரம். இரண்டாவது மறுப்பிலும் ஏறக்குறைய இதே சொற்கள்தாம் இருந்தன.

இலக்கிய முகவர் என்ற ஒருவரைத் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அறியமாட்டார்கள். இங்கே கதை எழுதியவர் அச்சகத்துக்குப் போய், கைக்காசைக் கொடுத்து முந்நூறோ ஐந்நூறோ பிரதி அடித்து, ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியை வசதியான ஒருவரின் கையில் கொடுப்பார். ஆங்கிலத்திலோ பெரிய பதிப்பகங்களில் அநேகமானவை எழுத்தாளர் நேரே அனுப்புவதைத் திறந்தும் பார்ப்பதில்லை. முகவர் கொண்டுபோக வேண்டும். புத்தகம் விற்றால் எழுத்தாளரின் வருமானத்தில் வழக்கமாக 15 வீதமும், வெளிநாட்டு உரிமை விற்றால் 20 வீதமும் அவருக்குப் போகும். முன்பணம் கேட்பவர் நேர்மையான முகவர் அல்லர்.

இந்தக் கடைசி வசனத்தை அப்பாவுக்கு விளங்கவைக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த ஏஜென்சி, ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்சி மட்டுந்தான்.

“எவ்வளவு கட்டினனீ?”

“ஒரு சதமும் கட்டேல்லை அப்பா. அவை காசு வாங்க மாட்டினம்.”

“காசு வாங்காத ஏஜென்சி என்ன ஏஜென்சி? அதுதான் உன்னை ஏத்தாமல் விட்டிட்டாங்கள்.”

2025 ஜனவரி 19

நெல் கதிர்விடும் பருவத்தை நெருங்கிவிட்டது. அப்பா இரவில் காவற்கொட்டிலில்தான் படுக்கிறார். கொட்டிலிலிருந்து வயலின் நான்கு மூலைகளுக்கும் கயிறு ஓடுகிறது; கயிறு நெடுக வெற்றுப் பால்மாப் பேணிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு துருப்பிடித்த நட்டு. கயிற்றை ஒரு முறை வெட்டி இழுத்தால் ‘டணார் டணார்’ என்று வயல் முழுவதும் அதிரும். பன்றி ஓடும், மயில் எழும்பும். யானை மட்டும் சட்டை செய்யாது. அதற்கு வேறு வெடி வேண்டும்.

என் கதை அந்தப் பேணிகளில் ஒன்றைப் பற்றியது. காவலுக்கு வந்த பையன் தூங்கிப்போகிறான், காற்றும் இல்லை, பன்றி வரம்பேறி வருகிறது. யாரும் இழுக்காமல் பேணி எப்படிச் சத்தம் போடும்? தமிழில் எழுதினேன். லண்டனில் இருக்கும் தங்கச்சி, சின்னம்மாவின் மகள், அதை ஆங்கிலமாக்கினாள். அவளுடைய ஆங்கிலத்தில் பிழை இல்லை. ஆனால் கதையில் வயற்பேணி, அடுப்படியில் இருக்கும் மூக்குப்பேணியைப் பார்த்து ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று உறவு கொண்டாடும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒன்று தகரம், மற்றையது குடிக்கும் பாத்திரம்; இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள். உறவு அறுந்துபோய்விட்டது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை.

2025 பெப்ரவரி 6

முதன்முறையாக என் பெயரைச் சொல்லி ஒரு மறுப்பு! பேணியின் குரல் தனக்குப் பிடித்திருந்ததாகவும், ஆனால் கதை ‘மிகவும் அமைதியானது’ என்பதால் இன்றைய சந்தையில் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றும் அந்த முகவர் எழுதியிருக்கிறார். டணார் டணார் என்று கத்தும் ஒரு பேணியின் கதையை அமைதி என்று எழுத எப்படி மனம் வந்ததோ? தங்கச்சியை எழுப்பிக் கேட்டேன்.

“அக்கா, சத்தத்தைப் பற்றி இல்லை அது. கடைக்காரன் புத்தகத்தைக் கையில எடுத்து ஒரே வரியில சொல்லி விக்கிறதுக்கு ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம்.”

அவள் சொன்னது சரியாக இருக்கலாம். எனினும், ஒரு மனிதர் வாசித்திருக்கிறார் என்ற நினைப்பில் அந்தக் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன்.

2025 பெப்ரவரி 14

இன்று நான் படிப்பிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையை முழுமையாக வாசித்துக் காட்டினேன். இதை டிசம்பரில், ஏழு முகவர்களுக்கும் ஒரே வாரத்தில் அனுப்புவதற்கு முன்னர் செய்திருக்க வேண்டும். ஒருமுறை மறுத்தவருக்கு, அவராகக் கேட்டாலன்றி, அதே கதையைத் திருத்தி மீண்டும் அனுப்புவது முறையல்ல. ஆகவே இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, பதிலைப் பார்த்துத் திருத்தி, பிறகே அடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு ஏழு கதவுகளையும் நானே சாத்திக்கொண்டேன்.

பேணி தான் கடைத்தட்டில் இருந்த பழைய காலத்தை நினைத்துப் பார்க்கும் இடம் மூன்று பக்கம் நீள்கிறது. அதன் முதற்பக்கத்திலேயே யன்னலோரப் பையன் வெளியே நின்ற ஆட்டைப் பார்க்கத் தொடங்கினான். இரண்டாம் பக்கத்தில் முன்வரிசைச் சிறுமி மேசைக்குக் கீழே காலால் தன் செருப்பைத் தேடினாள். தேடி எடுத்து, போட்டு, வார் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் பக்கம் முடியுமுன் ஒருவன் கேட்டான்: “ரீச்சர், பண்டி எப்ப வரும்?”

பன்றி பதினெட்டாம் பக்கத்தில்தான் வருகிறது. மூக்குப்பேணியை அவர்கள் யாருமே கண்டதில்லை என்பதும் இன்றுதான் தெரிந்தது.

2025 பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. அம்மாவும் அயலவர்களும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட, நான் வீட்டில் கதையோடு கண்விழித்தேன்.

படப்புத்தகம் ஒன்று வழக்கமாக 32 பக்கம். எட்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் சரியாக 32 பக்கங்கள் வரும். ஸ்ரேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாததால் ஊசிநூலால் தைத்தேன். தலைப்புக்கும் பதிப்புரிமைக்கும் விட்டது போக, விரித்துப் பிடிக்கும் இரட்டைப் பக்கங்கள் பதினான்குதான் மிஞ்சின. ஓவியம் போட்டு அனுப்பத் தேவையில்லை, ஓவியரைப் பதிப்பகமே தேடிக்கொள்ளும். இந்தத் தாள்கட்டு எனக்காகத்தான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் விழுகிறது, எந்தப் பக்கத்தைத் திருப்பும்போது பன்றி தோன்றுகிறது என்று விரலால் திருப்பிப் பார்த்தபோது, கடைத்தட்டு நினைவுகள் தாமாகவே கழன்று விழுந்தன. மூக்குப்பேணியும் போனது. அதற்கு மட்டும் அழுகை வந்தது. ஆங்கிலத்தில் 1,140 சொல்லாக இருந்தது, விடியும்போது 610. பன்றி இப்போது ஆறாம் பக்கத்தில் வருகிறது.

2025 மார்ச் 8

இடையில் இரண்டு மறுப்புகள். இரண்டும் அச்சில் வார்த்தவை. ஏழாமவர் பன்னிரண்டு வாரமாகியும் வாய் திறக்கவில்லை. பதில் வராவிட்டால் மறுப்பென்று கொள்ளவும் என முன்கூட்டியே அறிவித்தவர் அவர், ஆகவே குறைசொல்ல வழியில்லை.

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், நீயே அச்சடித்துவிடு பிள்ளை என்கிறார். இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பொட்டர் என்ற சிறுவர் எழுத்தாளர்கூடப் பதிப்பகங்கள் மறுத்த முயல்கதையை 1901 இல் சொந்தச் செலவில் 250 பிரதி அடித்தார், அதன் பிறகே 1902 இல் ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது என்று தங்கச்சியும் ஒத்து ஊதுகிறாள். தமிழில் அப்படிச் செய்வதற்கு எனக்கு மறுப்பில்லை. என்றாலும் ஐந்நூறு பிரதியும் கட்டிலுக்கடியில் கிடந்து கறையான் அரித்த கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன்.

2025 மார்ச் 14

முந்தாநாள் வெட்டுமெசின் வந்து அரைநாளில் வயலை வெறுமையாக்கிவிட்டுப் போனது. அப்பா கயிற்றைச் சுருட்டி, பேணிகளை உரப்பையில் போட்டார். அதிலொன்றைக் கேட்டு வாங்கி இன்று வகுப்புக்குக் கொண்டுபோனேன். கயிற்றின் நுனியைச் செருப்புத் தேடிய சிறுமியிடம் கொடுத்து, பன்றி வரும்போது இழு என்றேன். அவள் ஐந்தாம் பக்கத்திலேயே இழுத்துவிட்டாள். “இன்னும் பண்டி வரேல்லையடி!” என்று வகுப்பே கத்தியது. யன்னலோரப் பையனும் கத்தினான்.

“அது வரப்போகுது எண்டு எனக்குத் தெரியும்” என்றாள் அவள்.

கதையில் பையன் விழித்துக்கொள்ளும் இடத்தை ஐந்தாம் பக்கத்துப் பொய்ச் சத்தத்தோடு மாற்றி எழுதினேன்: ஒருமுறை வீணாகக் கத்திய பேணியை இரண்டாம் முறை யார் நம்புவார்கள்? தங்கச்சி இரவோடிரவாக ஆங்கிலமாக்கி அனுப்பினாள். வாய்க்கால் கட்டில் நின்று எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் அனுப்பிவிட்டு வந்தேன். பத்தாமவரை இப்போதைக்குத் தொடவில்லை.