பெட்டி மாறலாம், கணக்கு மாறக்கூடாது

விர்ச்சுவல் மெஷினில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கும் இன்னொரு கணினியில், ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் நிறுவுவது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. நிறுவும் சிடியின் நகலான ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டி, மெமரி இவ்வளவு, டிஸ்க் இவ்வளவு என்று சொல்லிவிட்டால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும். சேலத்தில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. நிறுவிய பிறகு வருஷக்கணக்கில் அதை ஓட வைப்பதில்தான் என் உழைப்பு எல்லாம் போகிறது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரக் கடை. ஜிஎஸ்டி பில்லை 2017 ஜூலையிலிருந்து புதிய மென்பொருளில் போடுகிறார்கள். ஆனால் பட்டறைக் கணக்கு மட்டும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய ஒரு சின்ன மென்பொருளில் இருந்தது. யாருக்கு எவ்வளவு கட்டி வெள்ளி கொடுத்தோம், எந்த டச்சில் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு எல்லாம் அதில்தான். எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார், சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. மதர்போர்டில் கெபாசிட்டர்கள் உப்பிப்போய், காலையில் கணினி எழுந்தால் எழுந்தது, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

“தம்பி, பொட்டி எதை வேணும்னாலும் போடு. உள்ள இருக்கறது மட்டும் அப்படியே இருக்கணும்” என்றார் முதலாளி.

இந்த மாதிரி இடத்தில் “மென்பொருளையே மாத்திடுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டறைக்காரர்களோடு பல வருஷக் கொடுக்கல் வாங்கல் அதில் இருக்கிறது. ஒரு கிராம் வித்தியாசம் வந்தாலும் அன்றைக்கே சண்டை. வன்பொருள் செத்துப்போனது என்பதற்காக நம்பிக்கையான ஒரு கணக்கைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதில் ஒரு எழுத்துகூட எழுதாமல் முழு நகல் எடுத்தேன். பிறகு எல்லா வேலையும் நகலில்தான். உரிமம் பற்றியும் பார்க்க வேண்டியிருந்தது. புதுக் கணினி வாங்கும்போது பெட்டியோடு வரும் ஓஇஎம் உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் செல்லும். நல்லவேளையாக இவர்கள் எக்ஸ்பியைத் தனியாக வாங்கியிருந்தார்கள், சிடியும் பில்லும் பீரோவில் பத்திரமாக இருந்தன.

புதிய கணினியில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, அதன்மேல் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள். அதற்கு முன் கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், விர்ச்சுவல் மெஷின்களுக்குச் சிப்பே கைகொடுக்கும் இன்டெல் விடி-எக்ஸ் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். 2005-லிருந்து இன்டெல் சிப்களில் வருகிற வசதி இது, பல போர்டுகளில் அணைத்தே அனுப்புகிறார்கள். அது அணைந்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் 64 பிட் சிஸ்டங்களே கண்ணில் படாது. காரணம் தெரியாமல் மென்பொருளை அழித்து அழித்து நிறுவுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போதைய டிஸ்க் இணைப்பு முறையான சாட்டா ஏஹெச்சிஐ-க்கு எக்ஸ்பிக்குள் டிரைவர் கிடையாது. நகலெடுத்த டிஸ்க்கை சாட்டா கண்ட்ரோலரில் மாட்டினால் லோகோ தெரிந்து மறைந்து நீலத்திரையில் நின்றுவிடும். பழைய முறையான ஐடிஇ கண்ட்ரோலருக்கு மாற்றியதும் பழைய பச்சைப் புல்வெளி வால்பேப்பரோடு எழுந்துவிட்டது. நெட்வொர்க் கார்டை அந்த மெஷினுக்குக் கொடுக்கவே இல்லை. பாதுகாப்புத் திருத்தம் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுபோன ஒரு சிஸ்டத்தை இணையத்தில் விடுவது தவறு. ஃபயர்வால் இருக்கிறது, ஆன்டிவைரஸ் இருக்கிறது என்ற சமாதானமெல்லாம் இதில் செல்லாது. வலை இல்லாமல் இருந்தால் அது பாட்டுக்கு இன்னும் பல வருஷம் ஓடும்.

தராசுதான் என்னைப் படுத்தி எடுத்தது. கொலுசை வைத்ததும் எடை தானாகத் திரையில் ஏற வேண்டும். பழைய தராசு, ஆர்எஸ்-232 சீரியல் கேபிள். புதிய பெட்டியில் அந்த வாயே இல்லை. யுஎஸ்பி-சீரியல் அடாப்டரை லினக்ஸில் சொருகி, அதை எக்ஸ்பிக்கு காம்1 என்று காட்டினேன். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் பயனருக்கு லினக்ஸில் சீரியல் போர்ட் அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் இடம் கொடுக்காமல் அந்தப் போர்ட்டைத் தொட முடியாது, அதையும் செய்தேன். சீரியல் போர்ட்டில் வருவதைக் காட்ட எக்ஸ்பியோடு வருகிற ஹைப்பர் டெர்மினலைத் திறந்து பார்த்தால் எடை வரிசை வரிசையாக இறங்குகிறது. மென்பொருளிலும் ஏறுகிறது. சரி, முடிந்தது என்று கிளம்பினேன்.

மறுநாள் போன். “எடை வரலைங்கண்ணா.” போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறது. காலையில் மேஜை துடைக்கும் அம்மா கேபிளைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார். விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அடாப்டரைப் பிடுங்கினால், பழைய பெயரை அது பிடித்துக்கொண்டே இருக்கும். திரும்பச் சொருகும்போது லினக்ஸ் அதற்கு அடுத்த எண்ணைக் கொடுத்துவிடும். எக்ஸ்பி இல்லாத போர்ட்டைப் பார்த்துக் காத்திருக்கும். சொருகும் சாதனங்களுக்கு லினக்ஸில் பெயர் வைக்கும் யூடெவ்வுக்கு விதி ஒன்று எழுதி, அந்த அடாப்டருக்கு எப்போதும் ஒரே பெயர் வரும்படி செய்தேன். பெயர் நிலைத்தாலும், கேபிள் கழன்றால் மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதற்காக டெஸ்க்டாப்பில் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தேன். தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி இப்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை.

விர்ச்சுவல் மெஷினின் அப்போதைய நிலையைக் குறித்து வைத்து, பிறகு அதற்கே திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் விஷயத்தை இந்த ஊரில் எத்தனை பேரிடம் சொன்னாலும் போதாது. ஸ்னாப்ஷாட் எடுத்தால் டிஸ்க்கின் இன்னொரு நகல் உருவாவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருக்கிற டிஸ்க் கோப்பு அந்த நிலையில் உறைந்து, அதன் பிறகு எழுதுவதெல்லாம் ஒரு வித்தியாசக் கோப்பில் சேரும். அடுத்த ஸ்னாப்ஷாட் அதன் மேல், அதற்கடுத்தது அதன் மேல். அடிக்கோப்பு கெட்டால் மேலே உள்ளவை அத்தனையும் வீண். எல்லாமே ஒரே ஹார்டு டிஸ்க்கில் வேறு இருக்கும். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு ஜவுளி நிறுவனத்தில் எனக்கு முன் இருந்தவர் வாராவாரம் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதையே பேக்கப் என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் ஹோஸ்ட், அதாவது விர்ச்சுவல் மெஷினைச் சுமக்கும் நிஜக் கணினியின் டிஸ்க் நிரம்பி, மெஷின் நடுவில் அப்படியே நின்றது. பழைய ஸ்னாப்ஷாட்டை அழித்து இடம் பிடிக்கலாம் என்றால், ஒன்றோடொன்று சேர்க்கவே இடம் வேண்டும். வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, முழுச் சங்கிலியையும் ஒரே டிஸ்க்காக அங்கே நகலெடுத்துத்தான் மீண்டோம். ஒரு அப்டேட் போடுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடு, சரியாக ஓடினால் அன்றைக்கே அழித்துவிடு. அதற்கு மேல் அதை வைத்திருக்காதே என்பதுதான் என் கட்சி.

எந்தப் பெட்டிக்குள் விர்ச்சுவல் மெஷினை வைக்கிறோமோ அந்தப் பெட்டிக்கே கட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதையும் நடைமுறையில்தான் கற்றேன். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேர் நிறுவனத்தை வாங்கி, அடுத்த பிப்ரவரியில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அதன் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளின் இலவசப் பதிப்பை நிறுத்தியபோது சிறு நிறுவனங்கள் பல திகைத்துப்போயின. 2025-ல் இலவசப் பதிப்பு திரும்ப வந்தது, ஆனால் அதற்குள் என் வாடிக்கையாளர் ஒருவரை அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றிவிட்டேன். விண்டோஸ் சர்வரை அங்கே கொண்டுபோய் நேராக விர்ட்டியோ டிஸ்க்கில் (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள வேகமான டிஸ்க் இணைப்பு) மாட்டினால் எழாது. முதலில் சாட்டாவில் எழுப்பி, கூடவே ஒரு சின்ன வெற்று டிஸ்க்கை விர்ட்டியோவில் மாட்டி, விர்ட்டியோ டிரைவர் சிடியைக் கொடுத்து, விண்டோஸ் அந்த வெற்று டிஸ்க்கை அடையாளம் காணும் வரை காத்திருக்க வேண்டும். அதன்பிறகு அணைத்து, முக்கிய டிஸ்க்கையும் விர்ட்டியோவுக்கு மாற்றினால் சத்தமில்லாமல் எழும். இதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

மலைமேல் கதை வேறு. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகம், செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவு) கணக்குக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின். மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போவதும் வருவதும் கணக்கில் சேராது, இடி வேறு. ஹோஸ்ட் திடீரென்று அணைந்தால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கும் அது பிளக்கைப் பிடுங்கியது போலத்தான். அதனால் யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வழியாக லினக்ஸோடு பேச வைத்து, பேட்டரி குறைந்ததும் முதலில் விர்ச்சுவல் மெஷின், பிறகு ஹோஸ்ட் என்று வரிசையாக அணையச் செய்தேன். மெஷினை அணைக்காமல் அதன் நிலையை அப்படியே சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது, வேகமானதும்கூட. ஆனால் மறுநாள் எழுப்பும்போது உள்ளே இருக்கும் கடிகாரம் சில நேரம் முந்தைய நாளிலேயே நிற்கும், மெஷினுக்குள் நிறுவும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருள் அதைச் சரிசெய்வதற்குள் யாராவது வேலைக்கு வந்தவர்களின் பேர் போட ஆரம்பித்தால் ஒரு நாள் கூலி தேதி மாறிவிடும். நாள் முழுக்கப் பழம் பறித்தவரின் கூலியில் அந்த விளையாட்டு கூடாது. முறையாக அணைப்பதுதான் அங்கே சரி.

அங்கே இணையமும் சுமார்தான். முழு டிஸ்க் கோப்பை வலை வழியே கீழே அனுப்புவது நடக்காத காரியம். எஸ்டேட் ஜீப் சேலத்துக்கு இறங்கும்போது ஒரு வெளி டிஸ்க்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி என்னிடம் வரும், போன தடவை வந்தது மேலே போகும். வந்ததை அலமாரியில் வைப்பதில்லை. என் கணினியில் நெட்வொர்க் இல்லாமல் எழுப்பி, கடைசிப் பேரேட்டைத் திறந்து, எஸ்டேட் ரைட்டரிடம் போனில் மொத்தத்தைப் படித்துக் காட்டுவேன். அவர் “சரியா இருக்குங்க” என்று சொன்னால்தான் அது பேக்கப்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஆதரவு முடிந்துவிட்டதால், எஸ்டேட்டின் மற்ற வேலைகளுக்கு விண்டோஸ் 11 போட்டிருக்கிறோம். அது டிபிஎம் 2.0 என்ற, சாவிகளைப் பாதுகாக்கும் சிப்பைக் கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 2022-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து அதைப் போலியாக உருவாக்கித் தருகிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த டிபிஎம்மின் நினைவு டிஸ்க் கோப்புக்குள் இல்லை, பக்கத்தில் தனியாக ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்ட மெஷினின் டிஸ்க் கோப்பை மட்டும் ஜீப்பில் அனுப்பினால், இங்கே எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். ஆகவே இப்போது கோப்புறை முழுவதையும் நகலெடுக்கிறோம். மீட்புச் சாவியை அச்சடித்து ஒன்று மலைமேல் இரும்புப் பெட்டியிலும் ஒன்று என்னிடமும் வைத்திருக்கிறோம். அதை மெஷினுக்குள்ளேயே ஒரு கோப்பாகச் சேமிக்க ரைட்டர் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டேன்.