ஃபைபர் நுனியில் ஒரு லென்ஸ்

மார்ச் 4

நாள் முழுக்க மஞ்சள் விளக்கு அறை. லென்ஸ் செய்ய நாங்கள் பயன்படுத்தும் ரெசின் ஒரு திரவப் பிசின், அதில் நீல ஒளி பட்டால் போதும், இறுகிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கும் மஞ்சள் தாள்தான். மாலையில் வெளியே வந்தால் உலகமே நீலமாகத் தெரிகிறது.

கையில் இருக்கும் ஃபைபர், ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை. விட்டம் 125 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நுனியில் இரண்டு லென்ஸ்களை, நடுவே காற்று இடைவெளி விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்ப வேண்டும். மறுமுனையில் சிவப்பு ஒளியை விட்டால் நுனியின் நடுவில் ஒரு புள்ளி மின்னும். மையம் பிடிக்க அதுதான் அடையாளம். சிவப்பு ஒளி ரெசினை ஒன்றும் செய்யாது.

ரெசினை இறுக்கி லென்ஸ் வடிவத்தை எழுதும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். அந்த ஒளியும் ரெசினை அப்படியே கடந்து போகும். ஆனால் சுமார் 100 ஃபெம்டோநொடித் (ஒரு நொடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு) துடிப்புகளாக ஒரே புள்ளியில் குவிந்தால், ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒரே நேரத்தில் உள்வாங்கும். ஒளிச்செறிவு இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். அதனால் குவியும் இடம் மட்டுமே இறுகும், சுற்றிலும் திரவம் திரவமாகவே இருக்கும். இயற்பியலாளர் மரியா கெப்பர்ட் மேயர் இதை 1931-இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார். சோதனையில் பார்க்க லேசர் வர வேண்டியிருந்தது, 1961-இல்தான் கண்டார்கள். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த முப்பது வருடம் நினைவுக்கு வரும்.

எழுதி முடிக்க இரண்டரை மணி நேரம்.

மார்ச் 5

இறுகாத ரெசினைக் கரைக்கும் டெவலப்பரில் 20 நிமிடம், பிறகு ஐசோபுரொபனால் என்ற ஆல்கஹாலில் அலசல். நுண்ணோக்கியில் பார்த்தேன், வடிவம் அச்சு அசல். சந்தோஷமாக ஒளியை விட்டால், குவியவே இல்லை. லென்ஸே இல்லாத வெறும் ஃபைபர் போல விரிந்துகொண்டே போகிறது.

மார்ச் 6

காரணம் பிடிபட்டது. தப்பு என் டிசைனில். இரண்டு லென்ஸ்களையும் தாங்க வளையச் சுவர் வைத்து, அதில் நான்கு சிறு துளைகள் மட்டும் விட்டிருந்தேன். இறுகாத ரெசின் அந்தத் துளைகள் வழியாக முழுக்க வெளியேறவில்லை, உள்ளேயே தங்கிவிட்டது. இறுகிய பாலிமருக்கும் இறுகாத ரெசினுக்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) ஏறக்குறைய ஒன்றுதான், 1.5 பக்கம். வளைந்த பரப்பு இருந்தும் ஒளிக்கு அது தெரியாது. தண்ணீர்க் குவளைக்குள் போட்ட பனிக்கட்டியின் விளிம்பு மங்கலாகத் தெரியுமே, இங்கேயும் அப்படித்தான்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? எழுதும்போது திரையில் லென்ஸ் வெறும் நிழலாகத் தெரிவதும் இதனால்தானே. தினமும் பார்த்தும் டிசைனில் அதை யோசிக்கவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது.

மார்ச் 9

ஞாயிறு. அம்மாவோடு போன். போன வருடம் எண்டோஸ்கோப்பி செய்தபோது தொண்டை ரெண்டு நாள் வலித்ததை மறுபடி சொன்னார். "நீ செய்யுற லென்ஸ் அதுக்குத்தானாடா?" என்றார். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வராதும்மா, ஆனா அந்தப் பக்கம்தான் போறோம்" என்றேன். எவ்வளவு சின்னது என்று கேட்டார். தூள் உப்பில் ஒரு துகள் எடுத்துப் பாருங்கள், அதிலும் பாதி இருக்காது என்றேன். போனை வைத்துவிட்டு உப்பு டப்பாவைத் திறந்து நானே பார்த்தேன்.

மார்ச் 11

சுவரை எடுத்துவிட்டு மூன்று கால்கள் வைத்தேன். கால் மெலிந்தால், உலரும்போது திரவத்தின் பரப்பு இழுவிசை லென்ஸைச் சாய்த்துவிடும். தடித்தால் வழி அடைபடும். நான்கு தடிமன்களில் எழுதினேன். 6 மைக்ரோமீட்டர் கால் சாய்ந்தது. 10 நின்றது.

டெவலப்பரில் இந்த முறை ஒரு மணி நேரம். பார்த்துக்கொண்டே இருந்தேன், கால்களுக்கு நடுவிலிருந்து ரெசின் மெல்லிய இழையாகக் கரைந்து வெளியே வந்தது.

இரவு 9 மணிக்கு ஒளியை விட்டு, கேமராவை மெதுவாகப் பின்னால் நகர்த்தினேன். சிவப்பு வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாயிற்று. இன்னும் நகர்த்தினால் மறுபடி விரிந்தது. மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன்.